முள்சாமியும் ஆட்டுக்குட்டியின் படிப்பும்

வடமதுரைச் சந்தைத் திடலில் கூட்டம் நெரிந்தது. தேர்வு நெருங்கினால் பெற்றோருக்கு ஒருவகைக் காய்ச்சல் வரும். அதற்கு மருந்தாகச் சிறுமலையிலிருந்து ஒரு சாமி இறங்கியிருந்தார். எந்தப் பிள்ளைக்குப் படிப்பு வரும், எந்தப் பிள்ளைக்கு வராது என்பதை அவருடைய முள் சொல்லுமாம். பந்தலின் முகப்பில் 'அருள்மிகு முல்சாமி' என்று பெரிதாக எழுதியிருந்தது. எந்த எழுத்து சரி என்று அந்த முள்ளையே கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை.

முறை எளிது. மேலே வளைந்த மெல்லிய முள் ஒன்றைக் களிமண் உருண்டையில் நட்டு, அதன்மேல் ஒரு சொட்டுத் தீர்த்தம் விடுவார். முள் தானே சுழன்றால் படிப்பு வரும், அசையாவிட்டால் வராது. மலைவாழைத் தாரோடு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது தவறாமல் சுழன்றது. வெறுங்கையோடு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அசையாமல் நின்றது. முள்ளுக்கு வாழைப்பழம் பிடிக்கும் போலும்!

பாண்டியராஜ் வெறுங்கையோடு போய்வந்தவர். ஆகவே அவருடைய மகள் தமிழ்மதிக்கு முள் அசையவில்லை. மனைவி மணிமேகலை மாலைதோறும் மகளோடு அமர்ந்து படித்துவந்த புத்தகங்களை, பறவை, பூச்சி, புல் என்று படங்களோடு அறிவியல் சொல்பவற்றை, அவர் சாக்கில் கட்டிவிட்டார். மறுநாள் பழைய பேப்பர்க்காரர் வருவார்.

"சாமியே வராதுன்னுட்டாரு. பெறகு எதுக்கு இம்புட்டு புஸ்தகம்?"

"செத்த பொறுங்க. நானும் ஒருக்கா அந்த முள்ளப் பாத்துக்கிறேன்" என்றாள் மணிமேகலை.

மூவரும் தரிசுக்காட்டின் வழியே நடந்து பந்தலை அடைந்தனர். தமிழ்மதியின் பாவாடை ஓரமெங்கும் புல் முள் ஒட்டியிருந்தது. சாமியின் முள்ளைக் கண்டதும் அவள் தாயின் காதைக் கடித்தாள்.

"அம்மா, இது நம்ம புஸ்தகத்துல இருக்கிற ஊசிப்புல்லும்மா! ஈரம் பட்டா முறுக்கு அவுந்து சுத்தும். அப்பத்தான வெத மண்ணுக்குள்ள போகும்? ஏற்கெனவே ஊறிக் கெடந்தா சுத்தாது."

மணிமேகலை கவனித்தாள். சாமியின் வலப்பக்கத் தட்டில் காய்ந்த முட்கள். இடப்பக்கம் ஈரத்துணியில் பொதிந்த முட்கள். தார் வந்தால் வலக்கை நீண்டது, வராவிட்டால் இடக்கை.

மகளின் பாவாடையில் ஒட்டியிருந்த அதே ஊசிப்புல் முள் ஒன்றை எடுத்து மணிமேகலை களிமண்ணில் நட்டாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தாள்.

"எங்க வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் படிப்பு வருமா?"

சொட்டு விழுந்தது. முள் சுழன்றது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"தாயே, அதைத் தொடாத! தெய்வக் குத்தம்!" என்று சாமி பதறுவதற்குள், ஈரத்துணியிலிருந்து இன்னொன்றை உருவி நட்டு, அவருடைய தீர்த்தத்தையே விட்டாள்.

"இந்தச் சாமிக்கு வருமா?"

முள் அசையவே இல்லை.

"ஏலே அப்பு, ஆடு பாஸு! சாமி பெயிலு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. சிரிப்பு அடங்குமுன் சாமி வத்தலக்குண்டுப் பேருந்தில் தொற்றிக்கொண்டார். தார்களைத் தூக்க அவருக்கு நேரமில்லை.

அன்று மாலை பாண்டியராஜே சாக்கை அவிழ்த்தார்.

"அந்தப் புல்லு எந்தப் பக்கத்துல இருக்கு, தாயி?" என்று மகளிடம் கேட்டார். கேட்கும்போது சற்றுக் குனிந்துதான் இருந்தார்.

வேட்டியில் ஒட்டிய முள்ளை நாமே பிடுங்கி எறிகிறோம். அறிவில் ஒட்டும் முள்ளை வாங்க மட்டும் ஏன் ஐயா, தாரையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறீர்கள்?