விதை காணாமல் போன விவரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு நலம். உணவுத் துறையில் பெரிய பதவியில் இருக்கும் நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுவீர்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் மொட்டைமாடி அவரையின் விதை காணவில்லை. கடைகளில் எதுவுமே கிடைக்காத அந்தப் பஞ்ச வருஷத்தில் நம் மூவர் தட்டிலும் விழுந்தது இந்த அவரைதான். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் நீங்கள். அன்றிலிருந்து பருவந்தோறும் நெற்றுகளை நிழலில் உலர்த்தி, விதைக்குச் சாம்பல் புரட்டி எடுத்து வைக்கிறேன். வேறு யாரிடமும் இது இல்லை. இருந்ததே ஒரு கைப்பிடி. கொடியும் இந்தப் பருவத்துக்குக் காய்த்து ஓய்ந்துவிட்டது.

உங்கள் துறையின் 'வீட்டுக்கு வீடு விதை' திட்டத்துக்காக, டை கட்டிய கம்பெனிக்காரர் ஒருவர் வந்து இலவசப் பொட்டலங்களை நீட்டினார். அதில் காய்ப்பதிலிருந்து விதை எடுத்து வைக்கக் கூடாதாம். அடுத்த முறை அவர்களிடம்தான் வாங்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்டேன். அவரோ மாடியேறி என் கொடியை வைத்த கண் வாங்காமல் பார்த்து, "சார், இது என்ன ரகம்? நல்லாருக்கே!" என்றார். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். பயந்துவிட்டால் எனக்கு உண்மை வராது. அவர் போனதும் உங்கள் அக்காவிடம் கண்டிப்பாக, அதாவது என்னால் இயன்ற கண்டிப்போடு, "அந்தக் கம்பெனிப் பொட்டலம் ஒண்ணுகூட இந்த வீட்ல இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, விதையை இடம் மாற்றினேன். முதலில் கடிகாரத்துக்குப் பின்னால், பிறகு பழைய செருப்புக்குள், கடைசியாக யாருக்குமே தோன்றாத ஓர் இடத்தில். எந்த இடம் என்று எழுத மாட்டேன். வழியில் யார் பிரித்துப் படிப்பார்களோ. அங்கிருந்துதான் போய்விட்டது.

எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் திடீரென்று மண்தொட்டி வாங்கியிருக்கிறார். மாத்திரை விற்பவருக்கு மண்ணோடு என்ன வேலை? அடுத்தது, தவறாக நினைக்கக் கூடாது, நீங்கள். போன தடவை வந்தபோது, "அத்தான், இன்னுமா இந்தப் பழைய அவரையைக் கட்டிக்கிட்டு அழறீங்க?" என்று சிரித்தீர்கள். புறப்படும்போது உங்கள் சட்டைப்பை சற்றுப் புடைத்திருந்தது. குற்றம் சாட்டவில்லை, கவனித்தேன், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் உங்கள் அக்கா, "அது மூக்குக்கண்ணாடிக் கூடு! விட்டா என்னையும் திருடின்னு சொல்வீங்க போல" என்று கத்தினாள். பட்டியலில் அவள் மூன்றாவது.

என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். என் கணிப்புகள் பெரும்பாலும் அப்படித்தான். இருந்தாலும் உங்கள் அலுவலக அலமாரியை ஒருமுறை பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட விதை. பாதியாவது திரும்பி வந்தால் போதும். இன்னொரு பஞ்சம் வந்தால், கையில் விதை இல்லாமல் யார் போடுவதைச் சாப்பிடுவது என்று நினைத்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

உங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்களுக்கு, விசாரணை முடிந்ததும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: தபாலில் போடலாமா வேண்டாமா என்று யோசித்ததில் இக்கடிதம் மாதக்கணக்கில் தலையணைக்கு அடியிலேயே கிடந்துவிட்டது. யாரும் என்னை வேவு பார்க்கக் கூடாதென்று ஜன்னலையும் சாத்தியே வைத்திருந்தேன். இன்று திறந்தால் எதிர்வீட்டுப் பால்கனியில் என் அவரை! அதே ஊதாப் பூ, அதே சிவந்த தண்டு. பக்கத்து மூன்று வீடுகளிலும் அதுவே. மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். "கம்பெனிக்காரர் ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தாரு சார். என்னமா காய்க்குது!" என்றார். நான் ஒளித்து வைத்த இடம் அந்தக் கம்பெனிப் பொட்டலம்தான். அதை எவன் தொடுவான் என்று நினைத்தேன். உங்கள் அக்காவோ, "ஒண்ணுகூட வீட்ல இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த மனுஷன் மறுபடி வந்தப்ப எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன்" என்கிறாள். ஆகவே மேலே எழுதிய அனைத்தையும், உங்கள் சட்டைப்பை உட்பட, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் கம்பெனிக்காரர் சற்றுமுன் மறுபடி மாடிக்கு வந்தார். பந்தலில் காய்ந்து தொங்கும் பழைய கொடியைத் தொட்டுப் பார்த்து, "இது எங்க கம்பெனி ரகமாச்சே! அதுக்குள்ள உங்ககிட்ட எப்படி சார் வந்துச்சு?" என்றார். "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். நான்தான் அவர்களிடமிருந்து திருடினேனோ என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

உடனே புறப்பட்டு வாருங்கள். அந்தப் பெரிய பை வைத்த சட்டையையே போட்டுக்கொள்ளுங்கள். நாலு வீட்டிலும் நெற்று முற்றத் தொடங்கிவிட்டது.