மோதிர விரலில் ஒட்டிய மகிமை

ஞாயிற்றுக்கிழமை காலையில் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் நடக்க இடமில்லை என்றால், மதுர பாபா வந்திருக்கிறார் என்று அர்த்தம். கல்யாண ஹால் வாசலில் தொடங்கும் வரிசை வளைந்து நெளிந்து கோழிக்கடை வரைக்கும் போகும். சுகர் வந்தவர்கள், வந்துவிடுமோ என்று பயந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரிக்குக் குறைந்துவிட்டதே, நமக்கென்ன கேடு என்று வந்தவர்கள். பாண்டுப்பிலிருந்து ரயிலேறி ஒரு குடும்பமே வந்திருந்தது. அணுசக்தி நகரிலிருந்து ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர்கூட டோக்கனும் கையுமாக நின்றார். படித்தவர் வரிசையை மீறாமல் நிற்பார். மற்றபடி வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் பேனர்: ‘சர்க்கரைக்குச் சாதியில்லை, மதமில்லை, இனி மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை!’ அதற்கு மேலே ஓம், பிறை, சிலுவை மூன்றும் ஒரே அளவில். இந்த விஷயத்தில் பாபா நியாயஸ்தர். ஏமாற்றுவதில் அவர் ஆள் பார்ப்பதே இல்லை.

சங்கரேஸ்வரி இந்த வரிசையில் முதன்முதலாகப் போய் நின்றது ஒன்றரை மாதத்துக்கு முன்னால். அவள் முறுக்கு சுற்றி மாட்டுங்கா கடைகளுக்குக் கொடுக்கிறவள். வயது நாற்பத்தாறு. போன வருஷம் ஆள் திடீரென்று இளைத்து, தண்ணீர் தண்ணீர் என்று தவித்து, ஆஸ்பத்திரிக்குப் போனால் சுகர் என்றார்கள். தினம் இரண்டு வேளை இன்சுலின் ஊசி. ஊசி போட ஆரம்பித்ததும் தவிப்பு அடங்கியது, தூக்கம் வந்தது. கூடவே எடையும் வந்தது. ஐம்பத்துநாலு கிலோ ஆறு மாதத்தில் அறுபத்தேழு ஆயிற்று.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். “இதுவரைக்கும் நீங்க சாப்பிட்டதெல்லாம் மூத்திரத்துல போச்சு. இப்ப ஒடம்புல ஒட்டுது. சோத்தைக் குறைங்க, தினம் நடங்க. மெல்லக் கொறையும்.”

மெல்ல! ஊர் வாய்க்கு மெல்லவா தெரியும்? தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டாள், “ஊசி ஒனக்கா, ஒன் சேலைக்கா? ஒரு முழம் பத்தாமப் போச்சே!” நாத்தனார் மகள் கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவன் அவளை ஓரமாக நிற்கச் சொன்னான். அன்றைக்கு அவள் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தாள். வியாதி வந்தபோது அழாதவள் அந்தப் போட்டோவைப் பார்த்து அழுதாள். அந்த வாரமே பாபாவிடம் போனாள்.

பாபா ஹாலில் சடங்கு கச்சிதமாக இருந்தது. நுழையும்போதே ஒரு கிண்ணம். இந்துக்களுக்குப் பஞ்சாமிர்தம், முஸ்லிம்களுக்குப் பேரீச்சம்பழப் பாகு, கிறிஸ்தவர்களுக்குத் தேன். “தின்னுறாதீங்க, ஒங்களுக்கு ஆகாது. மோதிர விரலால தொட்டு நெத்தியில வச்சுக்கிடுங்க” என்றான் தொண்டன். என்ன கரிசனம்! பிறகு அதே மோதிர விரலில் ஊசிக் குத்து, ஒரு சொட்டு ரத்தம், சுகர் மெஷின். சங்கரேஸ்வரிக்கு நானூற்று நாற்பது காட்டியது.

“ஊசி போட்டும் இந்த லட்சணம்” என்று பாபா பெருமூச்சு விட்டார். வெள்ளிச் செம்பிலிருந்து ஜில்லென்ற தீர்த்தத்தை அவள் கையில் மூன்று தடவை ஊற்றித் தேய்க்கச் சொன்னார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மறுபடி அதே விரல். நூற்று அறுபது! ஹால் முழுக்கக் கைதட்டல். சங்கரேஸ்வரி பாபா காலில் விழுந்தாள்.

அதற்கு அடுத்து வருவது ஊசி உண்டியல். உண்டியல் என்றால் காசு போடுவது அல்ல. மாத்திரையையும் இன்சுலினையும் போடுவது. “விஷத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அமுதத்தைக் கேட்கலாமா?” என்று பாபா மேடையில் கேட்பார். கேட்கலாகாது என்று கூட்டம் தலையாட்டும். காசுக்குத் தனியாக வேறொரு பெட்டி இருந்தது. அதைப் பற்றி பாபா பேசவே மாட்டார், கூச்சம்.

இங்கேதான் ரஷீதா வருகிறாள். பக்கத்து வீடு. ரவிக்கை தைக்கிறவள். சங்கரேஸ்வரி வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. அவளுடைய இன்சுலின் இருந்தது ரஷீதாவின் ஃபிரிட்ஜ் கதவில். வீட்டுச் சாமானோடு கலந்துவிடக்கூடாது என்று ரஷீதா சிவப்புத் துணியில் ஒரு பை தைத்து அதில் போட்டு வைத்திருந்தாள். காலையும் சாயங்காலமும் சங்கரேஸ்வரி வந்து ஃபிரிட்ஜைத் திறப்பாள். ஒரு நாள் பையோடு எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து நான்கு ரவிக்கையோடு வந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. “எக்கா, எல்லாத்தையும் பிடிச்சுத் தைக்கணும். ஏழு கிலோ கொறைஞ்சிருச்சு! பாபா மகிமை!”

ரஷீதா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள். அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள். “ஏளா சங்கரி, ஒன் ஊசி இருந்த எடத்துல இப்பம் முட்டை வச்சிருக்கேன். ஊசி எங்க?”

“உண்டியல்ல போட்டுட்டேன். பாபா சொல்லுதாரு, ஊசிதான் ஊத வச்சுதாம். நிறுத்துனதும் பாருங்க, எடை தானா எறங்குது.”

“வியாதி வந்த புதுசுலயும் இப்படித்தானளா எறங்குச்சு? அப்பவும் நாந்தான் பிடிச்சுத் தச்சேன். ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கே?”

சங்கரேஸ்வரி சொம்பில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்து முடித்தாள். அது மூன்றாவது சொம்பு. ரஷீதாவின் கண் அவள் காலுக்குப் போனது. புதுச் செருப்பு கடித்த புண், கட்டைவிரல் ஓரத்தில், ஈரமாக, கறுத்துப் போய்.

“இது எத்தன நாளா?”

“மூணு வாரம். டென்ஷன் ஆவாதீங்கக்கா, பாபா தீர்த்தம் தடவச் சொல்லியிருக்காரு. வார ஞாயித்துக்கிழம மேடையில என்னைப் பேசச் சொல்லியிருக்காவ. நீங்களும் வாங்களேன்.”

“வாரேன்” என்றாள் ரஷீதா. மேற்கொண்டு சொன்னால் கேட்கிற காது அன்றைக்கு அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் தொண்டன் ரஷீதாவின் தலைமுக்காட்டைப் பார்த்ததும் பேரீச்சம்பழக் கிண்ணத்தை நீட்டினான். மோதிர விரலை விட்டாள். பிசுபிசுத்தது. போன வாரம்தான் முனிசிபல் டிஸ்பென்சரியில் எல்லோருக்கும் சுகர் பார்த்தார்கள். அங்கே நர்ஸ் முதலில் செய்தது என்ன? சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வா என்று விரட்டியது. இங்கே கழுவுவது இரண்டாவது. அழுக்காக்குவதுதான் முதலாவது. ரஷீதா தையல்காரி, தப்பான இடத்தில் விழுந்த தையல் அவள் கண்ணில் படாமல் போகாது. வெளியே ஓடிப்போய்க் கடையில் ஒரு சோப்பும் ஒரு பாட்டில் தண்ணீரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மேடையில் சங்கரேஸ்வரி மைக்கைப் பிடித்து நின்றாள். “ஏழு கிலோ!” என்று தொண்டன் கத்தினான். கைதட்டல் ஓய்வதற்குள் ரஷீதா மேடையேறிவிட்டாள்.

“பாபா, அவளுக்கு முன்னால எனக்குப் பாருங்க.”

புது மீன் தானாக வலையில் குதிக்கிறது, பாபாவுக்குக் கசக்குமா? விரலில் குத்தினார்கள். நானூற்று முப்பத்தெட்டு.

“பார்த்தீர்களா!” பாபா குரலை உயர்த்தினார். “வெளியே தெரியாமல் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது!”

“போன வாரம் தொண்ணூத்திரெண்டு, பாபா” என்றாள் ரஷீதா. “ஒங்க கிண்ணத்தத் தொட்டதுக்கே நானூறா?” பையிலிருந்து சோப்பையும் பாட்டிலையும் எடுத்து, பாபாவின் பூத்தட்டைக் கையடியில் வைத்து, விரலைத் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். “மந்திரம் வேண்டாம். இப்பம் பாருங்க.”

தொண்டன் மெஷினைப் பின்னால் மறைத்தான். “சோப்பு தீர்த்தத்துக்கு ஆகாது!” என்று பாபா அலறினார்.

சங்கரேஸ்வரிக்கு ஒரு கணம் யார் பக்கம் நிற்பதென்று தெரியவில்லை. ரஷீதாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தொண்டன் கையிலிருந்து மெஷினைப் பிடுங்கினாள். ஆஸ்பத்திரியில் படித்த வேலை, மறக்கவில்லை. குத்தினாள்.

“தொண்ணூத்தேழு” என்று மைக்கில் படித்தாள்.

ரஷீதா வாசல் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி மறுபடி விரலை விட்டாள். நானூற்று ஐம்பத்தொன்று. கழுவினாள். தொண்ணூற்றாறு. “லிஃப்ட் மாதிரி ஏறுது, எறங்குது” என்றாள். முன்வரிசையில் ஒருவர் தம் விரலை முகர்ந்து பார்த்தார். அந்த இன்ஜினியர் ரகசியமாக விரலை நக்கிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இனி ஒரு விரல்தான் பாக்கி. சங்கரேஸ்வரி தன் கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். நன்றாகத் துடைத்தாள். குத்தினாள். இதில் பஞ்சாமிர்தம் இல்லை, தீர்த்தம் இல்லை, அவள் ரத்தம் மட்டும்தான். ஐந்நூற்றுப் பதினாறு.

அவள் அதை மைக்கில் படிக்கவில்லை. “எக்கா, என் ஊசி” என்று மட்டும் சொன்னாள்.

பாபா பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அப்படிப் போகும்போது மந்திரம் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. பின்னறையில் தீர்த்தம் ஜில்லென்று இருப்பதற்காக வைத்திருந்த ஃபிரிட்ஜை ரஷீதா திறந்தாள். கீழ்த்தட்டில் தீர்த்த பாட்டில்கள், குழாய்த் தண்ணீர். மேல்தட்டில் ஊர்ச் சனங்களின் இன்சுலின், அடுக்கடுக்காக. கதவில் அவள் தைத்த சிவப்புப் பை. உள்ளே இருந்த மருந்து பாதிதான் மிச்சம், பக்கத்தில் ஊசி.

“பாபாவுக்குப் பதினஞ்சு வருஷமா சுகர்” என்று தொண்டன் முனகினான். “ஒரு வேள ஊசி தவறுனாக்கூட அவருக்குத் தல சுத்தும்.”

மகிமை பக்தர்களுக்கு, மருந்து பாபாவுக்கு. பங்கீடு சரியாகத்தான் இருந்தது.

அன்று மத்தியானமே சங்கரேஸ்வரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறு நாள். புண்ணைச் சுரண்டி மருந்து கட்டிய டாக்டரம்மா, இன்னும் பத்து நாள் போயிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். விரல் தப்பியது. ஊசி திரும்ப வந்தது, எடையும் திரும்ப வந்தது. ரஷீதா பிடித்துத் தைத்த நான்கு ரவிக்கையையும் பிரித்துக் கொடுத்தாள். இப்போது சங்கரேஸ்வரி காலையில் மாட்டுங்கா கடைகளுக்கு முறுக்கை நடந்தே கொண்டுபோய்க் கொடுக்கிறாள். நாலு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. குழாயடியில் யாராவது சேலையைப் பற்றிப் பேசினால், “உசுரோட இருக்கவதான் குண்டா இருக்க முடியும்” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள்.

பாபாவைப் பற்றிக் கேட்பீர்கள். அந்த வாரமே போலீஸ் பிடித்தது, அதே வேகத்தில் ஜாமீனில் வந்துவிட்டார். செம்பூரில் வேறு பெயரில், முழங்கால் வலிக்கு அருள் பாலிக்கிறாராம். வரிசை மார்க்கெட் வரைக்கும் நிற்கிறதாம். தாராவியில் அந்தச் சோப்பைக் கண்ணால் பார்த்த ஆட்களே சிலர் அதில் நிற்பதாகக் கேள்வி. போங்கள், யார் தடுத்தது? போகிறபோது பையில் ஒரு சோப்பு எடுத்துக்கொண்டு போங்கள். காலில் விழுவதற்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டு ஒரு தடவை நீங்களே அளந்து பாருங்கள்.