கலர் பிரிண்ட் கட்டாயம்

பிரிண்டரில் திலகாவின் படம் மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள்.

"இங்க் தீந்துபூட்ச்சி," என்றான் அவள் புருஷன் ஆல்பர்ட், எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மாதிரி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

"அது எனக்கே தெரியுது. நாளைக்கு காலையில ஒம்போது மணிக்கு கம்பெனி கேட்ல நிக்கணும். இப்ப இன்னா பண்றது?"

ராஜகுளத்துப் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. எழுத்துப் பரீட்சையில் திலகா பாஸ். அவளுடைய அப்பா அம்மா காலம் முழுக்க அடுத்தவர் கழனியில் உழைத்தவர்கள். அவளும் நாற்று நட்டிருக்கிறாள். நட்டுக்கொண்டே தபால் வழியில் டிகிரி முடித்தவள். ஆறு வருஷம் விடாமல் அப்ளிகேஷன் போட்டு, இப்போதுதான் இன்டர்வியூவுக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. அதன் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது: போட்டோவுடன் கூடிய இந்தக் கடிதத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து வரவும். இல்லையேல் அனுமதி இல்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் கலர் மெஷின் ரிப்பேராகி ஒரு வாரம் ஆகிறது.

"காஞ்சிவரம் போயி எடுத்தாந்துடேன்யா."

"வூட்ல மெஷின வெச்சிக்கினு ஊர் ஊரா அலையறதா? ஒரு இங்க் காட்ரிஜ் போட்டா முடிஞ்சிது வேலை."

"அப்ப ஒரிஜினலாப் பாத்து வாங்கியா."

"கலரப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று சட்டையை மாட்டினான் ஆல்பர்ட். அவன் பெயின்டர். சுற்றுவட்டாரத்தில் அவன் பிரஷ் படாத சுவர் குறைவு.

கம்ப்யூட்டர் கடை அரவிந்தன் மேஜைமேல் இரண்டு டப்பாக்களை வைத்தான்.

"இது ஒரிஜினல்ணா. இது கம்பேட்டிபிள். வெல பாதிதான்."

"டூப்ளிகேட்டா?"

"அப்டி சொல்லாதணா. கம்பேட்டிபிள்னா ஒத்துப்போறதுன்னு அர்த்தம்."

"ஒத்துப்போவுமா?"

"அது மெஷினப் பொறுத்துணா. சிலது ஒத்துப்போவும், சிலது மொறைச்சிக்கும். கல்யாணம் மாதிரிதான்."

ஆல்பர்ட் யோசித்தான். கம்பெனி டின்னில் வரும் கலரைவிட, அவன் கையால் கலந்த கலரைத்தான் பல வீடுகளில் மெச்சியிருக்கிறார்கள். டப்பாவில் பேர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? கம்பேட்டிபிளை வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி வீட்டுக்கு வந்தான்.

மெஷின் அதை அடையாளம் தெரியவில்லை என்றது. எடுத்துத் துடைத்துப் போட்டான். மறுபடியும் தெரியவில்லை என்றது. நான்காவது முறை, தொல்லை தாங்காமல் ஏற்றுக்கொண்டது.

தாள் வந்தது. திலகா நீலமாக இருந்தாள்.

"இன்னாய்யா இது? கெணத்துல வுழுந்து மூணு நாள் ஆன மாதிரி கீறேன்!"

"மஞ்சளும் செவப்பும் அடைச்சிக்கினு கீது. இரு, சரி பண்ணிடறேன்."

சுடுதண்ணீரில் துணியை நனைத்து, குழந்தைக்கு மூக்கு துடைப்பது போல காட்ரிஜின் அடியைத் துடைத்தான். மஞ்சள் அடைப்பு திறந்துகொண்டது. சிவப்பு திறக்கவில்லை. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பெயின்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"நாத்து நட்டது போதும்னு வேலைக்குப் போவலாம்னு பாத்தா, என் மூஞ்சியவே நாத்தங்காலா ஆக்கிட்டியே!"

"கொஞ்சம் பொறுமையா இரு திலகா."

மெஷினில் க்ளீன் பட்டனை அமுக்கினான். இன்னும் கொஞ்சம் பச்சை. மறுபடி அமுக்கினான். கரும்பச்சை. ஆறாவது தாள் அருமையான பாசிப்பச்சையில் வந்தது. தொழில்காரன் என்ற முறையில் அந்தக் கலரை மட்டும் அவனால் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் மனைவிக்கு ஏற்ற கலர் இல்லை.

ஓடினான். அரவிந்தன் பாதி ஷட்டரை இறக்கியிருந்தான். குனிந்து உள்ளே நுழைந்து, "ஒரிஜினல் குடு," என்றான் ஆல்பர்ட். அரவிந்தன் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். அது இன்னும் அவமானமாக இருந்தது.

ஒரிஜினலைப் போட்டவுடன் மெஷின் சந்தோஷமாகச் சத்தம் போட்டது. தாள் வந்தது. போட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. நீலம்கூட இல்லை.

திலகா திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவள் திட்டாமல் விட்டது ஆல்பர்ட்டுக்கு நினைவில்லை.

அரவிந்தனுக்குப் போன் போட்டான்.

"ஒரிஜினலும் பேஜார் பண்ணுது அரவிந்தா!"

"டேப்ப எடுத்தியாணா?"

"எந்த டேப்பு?"

"அடியில ஆரஞ்சு கலர்ல ஒட்டிக்கினு இருக்குமே?"

இருந்தது. உரித்தான். திரும்பப் பொருத்திப் பட்டனை அமுக்கினான்.

இந்த முறை திலகா திலகாவாகவே வந்தாள். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, மூக்குக்குக் கீழேயும் வந்தது. கன்னத்து மச்சம் வரைக்கும் அச்சு அசலாக இருந்தது.

"இது நான்தான்," என்று சிரித்தாள் திலகா. அவனுக்கு உயிர் திரும்பி வந்தது.

"நீ போயி சாப்புடு. ஃபைல்ல நானே எல்லாத்தையும் அடுக்கி வெக்கறேன்," என்றான்.

மறுநாள் காலை பைக்கில் ஒரு மணி நேரம். கேட்டுக்கு வெளியே இறங்கி, திலகா ஃபைலைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள்.

"இன்னா ஆச்சி?" என்று எட்டிப் பார்த்தான் ஆல்பர்ட்.

பாசிப்பச்சை.

நல்ல தாள் மை காயட்டும் என்று மெஷின்மேல் வைத்தது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கீழே கிடந்த தாளைத்தான் சர்டிபிகேட்டுகளோடு அள்ளி ஃபைலில் சொருகியிருந்தான்.

"வூட்டுக்குப் போயி எடுத்தாந்துடறேன்," என்றான்.

"மணி எட்டு அம்பது." அவள் குரலில் கோபம்கூட இல்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பளிச்சென்ற கலர் போட்டோவுடன் கடிதம். தேறியவர்கள் போல. அவர்களைப் பார்க்கவே ஆல்பர்ட்டுக்குக் கூச்சமாக இருந்தது.

"வந்தது வந்தாச்சி. ஒரு வார்த்தை கேட்டுப் பாத்துடறேன்," என்று திலகா நேராக செக்யூரிட்டி பெரியவரிடம் போய்க் கடிதத்தை நீட்டினாள். ஆல்பர்ட் பின்னாலேயே ஓடினான்.

"ஐயா, அது வந்து, அவ தப்பு இல்லீங்க, நான்தான்..."

பெரியவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். கடிதத்தைப் பார்த்தார். கையிலிருந்த லிஸ்ட்டைப் பார்த்தார். திலகாவைப் பார்த்தார். மறுபடி லிஸ்ட்டைப் பார்த்து ஒரு டிக் அடித்தார்.

"உள்ள போமா. ரெண்டாவது மாடி, லெஃப்ட்ல."

அவர் மனம் மாறுவதற்குள் போய்விட வேண்டும் என்று திலகா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். கண்ணாடிக் கதவு திறந்தது, மூடியது. ஆல்பர்ட் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். நேற்று மத்தியானத்திலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, மனசு கேட்காமல், "ஐயா, அந்தப் பச்சை போட்டோவ எப்டிய்யா வுட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

பெரியவர் லிஸ்ட்டை அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"எங்க மெஷின்ல எடுத்த லிஸ்ட் போட்டோல எல்லாருமே பச்சையாத்தான் கீறாங்கோ, லெட்டர்ல மூஞ்சி கலரு வேறயா இருந்தவங்களதான், சார் வந்து பாக்கட்டும்னு அந்த மரத்தாண்ட நிக்க வெச்சிக்கீறேன்."