தண்ணீரில் ஓடிய கார், என் கையெழுத்துடன்

மருமகன் சொல்வது தவறு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல இந்த நாட்டில் எந்த நடைமுறையும் கிடையாது. வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே ஒன்றை நானே வகுத்தேன்.

என் பழைய காரில் மருமகன் ஒரு குடுவையைப் பொருத்தியிருந்தார். அதிலுள்ள தண்ணீரை பேட்டரி பிரித்து ஹைட்ரஜனாக்கும். கார் அதில் ஓடும்.

"அரை லிட்டர் பெட்ரோல் இருந்தா போதும் மாமா. அப்புறம் எல்லாம் தண்ணிதான்."

பேட்டரியை நிரப்புவது எஞ்சின், எஞ்சினை ஓட்டுவது பெட்ரோல். தன்னைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு கிரிவலம் போவதைப் போன்ற ஏற்பாடு. ஆனால் இதற்கு ஏஜென்சி எடுக்க அவர் வேலையை விடப்போவதாகச் சொன்னதும், என் மகள் சாப்பாட்டைத் தொடவில்லை.

எனவே சோதனை. கீழ்பென்னாத்தூரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் பயணம். டேங்கில் அரை லிட்டர் பெட்ரோலை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கேனில் இறக்கினேன். டேங்க் மூடிமேல் தாள் ஒட்டி, நானும் மருமகனும் கையெழுத்திட்டோம். ஊரைத் தாண்டியதும் வண்டி நிற்கும், மருமகனின் வேலை பிழைக்கும். (பெட்ரோல் முள் வேலை செய்து பல வருடமாகிறது. வேறு யார் வண்டியாக இருந்தாலும் சான்று மறுத்திருப்பேன்.)

மறுநாள் குடும்பத்தோடு கிளம்பினோம். ஊர் முடிந்தது. வண்டி நிற்கவில்லை. வேர்க்கடலைக் கொல்லைகள் வந்தன, போயின. சம்பந்தி வீட்டு வாசலில், நான் பிரேக் போட்ட பிறகுதான் நின்றது.

கதையைக் கேட்ட சம்பந்தி சிரித்தார். "இவரு கவர்மெண்ட்டு ஆளுடா. தன் கையெழுத்து இல்லாத எதையும் நம்ப மாட்டாரு."

"இதுல அவரு கையெழுத்தே இருக்குதுப்பா" என்றார் மருமகன். செல்போனில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. "அனுப்பிடறேன்."

மறுசோதனைக்கு விதியில் இடமுண்டு என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

என் மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் இருங்க மாப்ள. காலைல கேன்ல இருந்ததை நான்தான் திருப்பி ஊத்தினேன்."

"தாள் கிழியலையே" என்றேன்.

"பிரிச்சிட்டு சோத்துப் பருக்கையால ஒட்டிட்டேன். உங்க பசையைவிட நல்லாப் புடிச்சிக்குது."

"எதுக்கு?"

"மாப்பிள்ளை நடுரோட்டுல தலைகுனிஞ்சி நிக்கணுமா? வண்டி ஓடினா உங்களுக்குத்தான் அவமானம். உங்களுக்குப் பழக்கம்தானே."

மருமகன் கடிதத்தை அழித்தார். என் மகள் இரண்டாம் முறை இட்லி கேட்டாள்.

அவர் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். சம்பந்தி போன் செய்தால் முதலில் கேட்பது, "ஹைட்ரஜன் அம்மா சௌக்கியமா?" என்றுதான். என்னை விசாரிப்பதில்லை.