லாக்கருக்கு ஒரு ரகசிய வார்த்தை

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு மகத்தான தீர்மானம் எடுத்தேன். இந்த ஒரு காரியத்தையாவது அனந்தலக்ஷ்மியின் தயவு இல்லாமல் முடித்துக் காட்டுவது! சொல்லப்போனால், அப்படித் தீர்மானிக்கச் சொன்னதே அவள்தான்.

"ஏன்னா, இதையாவது நீங்களே போய் முடிச்சுண்டு வாங்கோ" என்று ஒரு கடிதத்தை நீட்டினாள்.

கனாட் பிளேஸில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் எங்களுக்கு ஒரு லாக்கர் உண்டு. பாங்க் இல்லை, தனியார் கம்பெனி. கட்டடத்தை விற்றாகிவிட்டதாம். ஏழு நாளுக்குள் லாக்கரைக் காலி செய்ய வேண்டுமாம். தவறினால் உடைத்து, உள்ளே இருப்பதைச் சாக்கில் போட்டு சீல் வைத்துக் கோர்ட்டில் ஒப்படைத்துவிடுவார்களாம். கடிதம் எங்கள் பழைய கோல் மார்க்கெட் விலாசத்துக்குப் போய், அங்கிருந்து லக்ஷ்மிபாய் நகரைத் தேடி வருவதற்குள் ஏழில் நாலு நாள் காலி. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

"பன்னிரண்டு வருஷமா இருக்கோம். ஏழே நாள் நோட்டீஸா? காலி பண்ணுன்னு சொல்றவன்தான் காலிப்பய!" என்று கர்ஜித்தேன்.

"அதை அங்க போய்ச் சொல்லுங்கோ. நான் என்ன பண்ணினேன்?"

லாக்கரில் பெரிய புதையல் ஒன்றும் இல்லை. நாலு வளையல், ஒரு கெம்பு அட்டிகை. கல்யாணமாகி அவள் தில்லிக்குக் கிளம்பியபோது, ரயில் நகரப்போகும் நேரத்தில், அவள் அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றி ஜன்னல் வழியாகக் கொடுத்த அட்டிகை. அதற்கப்புறம் அம்மாவை அவள் பார்க்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, வரலக்ஷ்மி விரதத்துக்கு, பஸ் பிடித்துப் போய் எடுத்து வருவாள். நோன்பு முடிந்ததும் கொண்டு வைத்துவிடுவாள். எனக்கு லீவு கிடைக்காது. லாக்கர் எடுத்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் படி இறங்கியதே இல்லை. ஆனால் காலி செய்ய மட்டும் முதல் கையெழுத்துக்காரர் நேரில் வர வேண்டுமாம். அது நான்.

"பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கோன்னோ?" என்று கேட்டாள்.

"உன் பேரை நான் மறப்பேனா, அனந்தம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

சாவி இருந்தால் மட்டும் போதாது, ஒரு ரகசிய வார்த்தையும் சொல்ல வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். "உன் பேரைத்தான் வெச்சிருக்கேன்" என்று அறுபத்தேழில் நான் சொன்னபோது அவள் முகம் மலர்ந்த அழகை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. அன்று முதல் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் லாக்கரின் ரகசிய வார்த்தை தெரியாத மாமி லக்ஷ்மிபாய் நகரில் கிடையாது.

அடித்தளத்தில் தடித்த கண்ணாடியோடு பட்நாகர் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் விண்ணப்பப் பாரத்தை நிரப்பியதும் அவர்தான். பக்கத்தில் சஃபாரி சூட்டில் புது முதலாளியின் ஆள்.

"ஸோனா ஹை?" என்றார் பட்நாகர்.

"நஹீ, நஹீ. நன்னா தூங்கிட்டுத்தான் வந்தேன்" என்றேன் அரைகுறை ஹிந்தியில். ஹிந்திக்காரர்களுக்குத் தங்கமும் ஸோனாதான், தூங்குவதும் ஸோனாதான் என்பது சஃபாரி சூட் சிரித்தபோதுதான் உறைத்தது.

"பாஸ்வேர்டு?"

மார்பை நிமிர்த்திக்கொண்டு, "அனந்தலக்ஷ்மி" என்றேன்.

"நஹீ ஜி."

காது மந்தமோ என்று, ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து உரக்கச் சொன்னேன்.

"நஹீ ஜி. மொத்தம் மூணு தடவைதான். ரெண்டு ஆயிடுத்து" என்று சஃபாரி சூட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஹிந்தியில் சொன்னார். மூன்றாவதும் தப்பானால் கோர்ட்டிலிருந்து காகிதம் கொண்டுவர வேண்டுமாம்.

எனக்கு வேர்த்துவிட்டது. அவள் பேர் இல்லையென்றால் வேறு எவள் பேர்? அத்தை பெண் ஜலஜாவின் ஞாபகம் வந்தது. முதலில் எனக்குப் பேசியது அவளைத்தான், ஜாதகம் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த அசட்டு நேரத்தில் என்ன உளறினேனோ! பன்னிரண்டு வருஷமாக ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறவளிடம் போய், "அது உன் பேர் இல்லையாம்" என்று எந்த வாயால் சொல்வேன்? அட்டிகை போவது ஒரு கஷ்டம். அவள் முகம் வாடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று ஓடிவந்துவிட்டேன்.

"ஆச்சா?" என்றாள்.

"ஒரே கூட்டம். க்யூவே நகரலை."

வெள்ளிக்கிழமை நான் ஆபீஸை விட்டே கிளம்பவில்லை.

"இன்னிக்கு என்ன?"

"பட்நாகர் லீவு."

"அடப்பாவமே. அவர் லீவே போடமாட்டாரே!"

மெல்ல ஆழம் பார்த்தேன். "ஏன் அனந்தம், நீ போறச்சே என்ன சொல்லுவே?"

"நான் என்ன சொல்றது? என்னைப் பார்த்ததுமே 'ஆயியே பெஹன்ஜி', வாங்கோ சகோதரின்னு எழுந்துண்டுடுவார்."

அப்பாடா, இவளுக்கு வார்த்தை தெரியாது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நேரம் பார்த்துத் தயிர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ராஜம் மாமி, "உங்களை மாதிரி உண்டா! எங்காத்து மனுஷருக்கு என் பேரே பாதி நாள் ஞாபகம் இருக்கறதில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை அவளும் கிளம்பிவிட்டாள்.

"எதுக்கு நீ? பஸ்ல கும்பல்."

"அட்டிகையைக் கழுத்துல போட்டுண்டே வந்துடறேன். கையில எடுத்துண்டு வந்தா எனக்குப் பயம்."

பஸ்ஸில் வழி நெடுக வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

கட்டட வாசலில் நின்றுவிட்டாள். "படி செங்குத்தா இருக்கு. எனக்கு முழங்கால் வலி. நீங்க போயிட்டு வாங்கோ."

கீழே போனேன். மணி நாலரை. ஒருவன் துளை போடும் மெஷினோடு முக்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"பாஸ்வேர்டு?" என்றார் பட்நாகர். "ஆக்ரி சான்ஸ், சேஷன் ஜி." கடைசி வாய்ப்பாம்.

ஜலஜாவின் பேர் நுனி நாக்குவரை வந்தது. முழுங்கிவிட்டேன். அந்தப் பேரைச் சொல்லி லாக்கர் திறந்துகொண்டால் அதைவிட ஆபத்து வேறு இல்லை. மேலே போய் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, என்ன ஆனாலும் சரி என்று முடிவு செய்தேன். திரும்பும்போது, பதற்றத்தில், பட்நாகருக்குத் தமிழ் தெரியாது என்பதுகூட மறந்துபோய், "ஆத்துல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"ஸஹீ ஹை!" என்றார் பட்நாகர். சரியாம்!

எழுந்து நின்றார். கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பி, தலையைத் தாழ்த்தினார். பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

நான் நகையை எடுத்துக்கொண்டு எப்படிப் படி ஏறினேன் என்றே தெரியாது. அட்டிகையை அவள் கழுத்தில் நானே மாட்டிவிட்டேன். அவள் அதை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"என் பேரைச் சொன்னேளோ?"

இனி மறைக்க மனசு வரவில்லை. "இல்லை, அனந்தம். உன் பேர் இல்லை அது."

"தெரியும். 'ஆத்துல கேட்டுச் சொல்றேன்.'"

நான் வாயைப் பிளந்தேன்.

"முதல் வருஷம் நோன்புக்கு வந்தேனே, அன்னிக்கே என் பேரைச் சொல்லிப் பார்த்தேன். இல்லைன்னுட்டார். அப்புறம் பாவப்பட்டு, பாரத்துல எழுதி வெச்சிருக்கறதைத் தட்டுத் தடுமாறிப் படிச்சார். இது எந்த மதராஸி பகவான் பேருன்னு கேட்டார். எங்காத்து குலதெய்வம்னு சொல்லிட்டேன். அன்னிலேருந்து நான் சொல்றபோதெல்லாம் கையைக் கூப்பிப்பார்."

இப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அறுபத்தேழில் பட்நாகர் பாஸ்வேர்டு கேட்டதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வழக்கமாக வாயில் வருவது வந்துவிட்டது. மனுஷர் அதையே ஹிந்தியில் எழுதிக்கொண்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அவளிடம் உன் பேர்தான் என்று சொன்னேன், மறுநாள் போய் அதைப் பதிவு செய்துவிடலாம் என்று. மறுநாள் போகவில்லை. சொல்லிச் சொல்லி நானே நம்பியும்விட்டேன்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"அவ்வளவு ஆசையா சொன்னேள். அதைப் போய் யாராவது கெடுப்பாளா?"

"சரி. இந்த மூணு நாளா நான் பட்ட அவஸ்தையையாவது பார்த்து..."

"நீங்களே வந்து கேப்பேள்னு இருந்தேன். இன்னிக்குக் கூடவே கீழ வந்திருந்தா என் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்துண்டு நின்னிருப்பேள். வாயில அந்த வார்த்தை வந்திருக்காது. அதான் மேலேயே நின்னுட்டேன்."

"முழங்கால் வலின்னியே?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்லை. வாங்கோ, பஸ் வரது." விறுவிறுவென்று ஓடினாள்.

திங்கட்கிழமை சரோஜினி நகரில் ஒரு பாங்கில் புது லாக்கர் எடுக்கப் போனோம். இந்தத் தடவை தப்பு நடக்கக்கூடாது. குமாஸ்தா, "பாஸ்வேர்டு?" என்றதும், அவள் பக்கம் திரும்பாமல், ஒரு விநாடிகூடத் தயங்காமல், ஹால் முழுக்கக் கேட்கும்படி, "அனந்தலக்ஷ்மி!" என்றேன்.

குமாஸ்தா பேனாவைத் திறந்தார். ஆனால் எழுதவில்லை. என்னைத் தாண்டி அவளைப் பார்த்து, எழுதட்டுமா என்ற பாவனையில் கேட்டார்:

"லிக் தூம், பெஹன்ஜி?"