கூடத்தில் வளர்த்த பூசணம்

எனக்குத் தெரிந்ததையெல்லாம் எதிரில் இருப்பவரும் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று நினைக்கும் வியாதி எனக்கு உண்டு. என் தங்கை செல்வியின் கல்யாணம் அந்த வியாதியைத் தாண்டித்தான் நடந்தது.

அந்த வருடம் முகப்பேர் வீட்டு மொட்டைமாடியில், பைகளில் உருளைக்கிழங்கு போட்டிருந்தேன். (சென்னையில் உருளையா என்று கேட்ட பாவத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அரைமணி நேரம் நின்றார்.) முந்தைய வருடத்து மண்ணையே திரும்பப் போட்டதில், அதில் இருந்த பூஞ்சை விழித்துக்கொண்டது. செடிகளின் அடித்தண்டு கறுத்து அழுகத் தொடங்கியது. உரக்கடைக்காரர் டிரைகோடெர்மா என்று ஒரு பொடியைக் கொடுத்தார். அதுவும் பூஞ்சைதான், ஆனால் கெட்ட பூஞ்சையைத் தின்னும் நல்ல பூஞ்சை. மக்கிய சாணத்தில் கலந்து, வெல்லத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் மூடி நிழலில் வைத்தால் பச்சைப் பசேலென்று பெருகும். மாடியில் மழை. ஆகவே அம்மா விசேஷத்துக்குச் சோறு கொட்டி வைக்கும் பெரிய அன்னக்கூடையில் போட்டுக் கூடத்து மூலையில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சென்னீர்குப்பத்திலிருந்து செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் போட்டோவை அவள் யாருக்கும் தெரியாமல் எடுத்து எடுத்துப் பார்த்தது எனக்குத் தெரியும். அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நீ பேசாம இருடா."

கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா மூக்கைச் சுளித்தார். கையெட்டும் தூரத்தில் இருந்த சாக்கைத் தூக்கினார்.

"இன்னாபா இது, பச்சையா கீது?"

"பூசணம்மா. நானே வளர்க்கறேன்" என்றேன் பெருமையாக. "நாளைக்கு இன்னும் நல்லா வரும்."

மாப்பிள்ளையின் ஸ்பூன் பாதி வழியில் நின்றது. அன்னக்கூடையையும் கேசரித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் செல்வி அழ ஆரம்பித்திருந்தாள். நான் பதறிப்போய் உருளை, தண்டழுகல், சாணம் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். (சாணத்தை மட்டுமாவது விட்டிருக்கலாம்.)

அந்த அம்மாள் முழுவதையும் கேட்டார்.

"எங்கூட்டு மாடில கத்திரிச் செடி வருசா வருசம் வேரழுகி சாவுது. எனக்கும் ஒரு சட்டி குடு" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "பூசணத்தையே மறைக்காத ஊட்ல வேற இன்னாத்த மறைக்கப் போறீங்க? எங்களுக்குப் பொண்ண புடிச்சிருக்கு."

அவரை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. அந்த வருடம் கிழங்கு கோலிகுண்டு அளவில்தான் விளைந்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் எதைப் பரிமாறினாலும், மாப்பிள்ளை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்: "மச்சான், இது துன்றதுக்கா, மண்ல போட்றதுக்கா?"

முதலில் சிரிப்பவள் செல்விதான்.