உடம்பு தானே கேட்கும் என்றேன்

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

விஸ்கான்சினிலிருந்து அண்ணன் டெல்மர் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி ஆர்லீன், மகள் ட்ரூடி, கறவையிலிருக்கும் மாடுகள் எல்லோரும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் உன் முழங்கால்களும் நலமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். நலம் என்ற வரிசையில் என் பெயரைச் சேர்த்ததை இந்த வீட்டில் இரண்டு பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். தொலைபேசி சமையலறையில் இருக்கிறது. ஆர்லீனும் சமையலறையில்தான் இருக்கிறாள்.

ட்ரூடி என்னைப் பால் கறக்கும் கூடத்துக்குள் விடுவதில்லை. நான் சிமென்ட் குழைத்துக் கட்டிய கூடம். வாசற்படி வரை வரலாமாம், தாண்டக் கூடாதாம். நான் வாசலில் நின்று மாடுகளைப் பார்க்கிறேன், மாடுகள் என்னைப் பார்க்கின்றன, இரு தரப்புக்கும் வெட்கமாக இருக்கிறது. பெற்றவன் பேச்சைக் காற்றில் விடுகிறவள் அத்தை பேச்சைக் கேட்பாள். ஆகவே, அப்பாவுக்கு ஒன்றுமில்லை, உள்ளே விடு என்று அவளுக்கு நீ நாலு வரி எழுத வேண்டும். எழுதும்முன் நடந்தது முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும். மற்றவர்கள் சொல்வதை நம்பாதே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வினையைத் தொடங்கிவைத்தவள் நீ. வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, குடும்பமெல்லாம் கூடும் நன்றி நாள் விருந்துக்குப் பாதி ஆளாக வந்து நின்றாய். வான்கோழியை ஒருவரும் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்கள். டிராக்டர் இருக்கை இரண்டாம் முறை உடைந்த வருடம் அது. சரியென்று நானும் போய்ப் படுத்தேன். வயிற்றைக் கோழிமுட்டை அளவுக்குக் குறுக்கி, குடலை வெட்டி வேறிடத்தில் தைத்து அனுப்பினார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சர்க்கரை வியாதி போனது. முழங்கால்கள் முனகுவதை நிறுத்தின. என் பூட்ஸ் கயிற்றை நானே குனிந்து கட்டுகிறேன். ஆர்லீன் பக்கத்தில் படுத்தால் கட்டில் இப்போது சமமாக இருக்கிறது. என் குறையெல்லாம் அதன் பிறகு வந்த மாத்திரைப் புட்டிகளைப் பற்றியது.

மருத்துவமனையில் உணவு முறை சொல்லித்தரும் ஒரு சின்னப் பெண், புட்டிகளை வரிசையாக மேசைமேல் வைத்தாள். "எவ்வளவு நாளைக்கும்மா?" என்றேன். "வாழ்நாள் முழுக்க, சார்." "என் வாழ்நாளா, உன் வாழ்நாளா?" "உங்களோடதுதான் சார். இதை விட்டீங்கன்னா அதுவும் குறையும்." மரியாதை தெரியாத பெண்ணில்லை, ஆனாலும் பதில் அப்படி. நெடுஞ்சாலையை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டதும் பழைய கடைத்தெருவுக்கு வண்டி வராமல் போகிறதல்லவா, அதுபோல உங்கள் சாப்பாடு இப்போது இரும்புச் சத்து ஏறுகிற இடத்தைத் தொடாமல் போகிறது, ஆகவே கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்காதீர்கள், ஒன்று மற்றதை ஏறவிடாது, நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள், இரும்போடு காப்பி கூடாது, வருடாவருடம் ரத்தம் சோதியுங்கள் என்றாள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது வேறு, சம்மதிப்பது வேறு. இதை ஆர்லீன் இத்தனை வருடமாகியும் புரிந்துகொள்ளவில்லை.

எங்கள் கொட்டகையிலிருக்கும் தாது உப்புப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டி. ஒன்றில் சுண்ணாம்புச் சத்து, ஒன்றில் பாஸ்பரஸ், ஒன்றில் வெறும் உப்பு. எந்த மாட்டுக்கு எது குறைகிறதோ அது அந்த அறையைத் தேடிப்போய் நக்கிக்கொள்ளும். மாட்டுக்கு யாரும் மணியடிப்பதில்லை, இரண்டு மணி நேரம் காத்திரு என்று சொல்வதுமில்லை. இதை நான் கல்லூரியில் படிக்கவில்லை. பண்ணைப் பத்திரிகைகளிலும் மாடுகளிடத்திலும் படித்தேன். மாட்டுக்குத் தெரிவது மனிதனுக்குத் தெரியாமல் போகுமா? ஆர்லீன் கேக் வார்க்கும் குழித்தட்டை எடுத்தேன், ஒரு குழிக்கு ஒரு புட்டியாகக் கவிழ்த்தேன், சாப்பாட்டு மேசையில் வைத்தேன். காலையில் அதன் முன் நின்று கண்ணை மூடிக்கொள்வேன்.

"என்னங்க, ஜெபமா?" என்று ஆர்லீன் கேட்டாள்.

"உடம்பைக் கேக்குறேன்."

"உடம்பு என்ன சொல்லுது?"

"ஆரஞ்சு."

மெல்லுகிற கால்சியம் ஆரஞ்சுச் சுவையில் வருகிறது. என் உடம்பு நாள் தவறாமல் அதைத்தான் கேட்டது. சில நாள் மதியமும் கேட்டது. ஆர்லீன் கேக் செய்ய வேறு தட்டு வாங்கிக்கொண்டாள். இரும்பு மாத்திரையை உடம்பு ஒருநாளும் கேட்கவில்லை, அதில் துருப்பிடித்த ஆணி வாசம் அடிக்கிறது. பி12 மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரையும்வரை பேசாமல் இருக்கச் சொல்கிறார்கள். அதையும் கேட்கவில்லை. "அந்த ஒண்ணையாவது எனக்காகப் போடுங்களேன்" என்றாள் ஆர்லீன். "கொஞ்ச நேரம் வீடு அமைதியா இருக்கும்." ரத்தப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தபோது தீவனப் புல் அறுவடை. அடுத்த வருடம் வந்தபோது சோள அறுவடை. நோயில்லாதவன் அறுவடையை விட்டுவிட்டு ஊசி குத்திக்கொள்ளப் போவானா?

இலையுதிர் காலம் முடிந்ததும் உடம்பு புதிதாக ஒன்றைக் கேட்டது. பனிக்கட்டி. கேட்பதைக் கொடுப்பதுதான் என் முறை என்பதால் கொடுத்தேன். முதலில் குளிர்பெட்டியில் இருந்ததை மென்றேன், அது தீர்ந்ததும் கொட்டகைக் கூரையில் விழுது விழுதாகத் தொங்குவதை ஒடித்து மென்றேன். அதன் ருசியை உனக்கு எப்படிச் சொல்வது, வெர்னா, வெயிலில் வசிப்பவளுக்கு! வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போன இடத்தில் பிராந்தி வேண்டாம், அந்தக் கோப்பையிலிருக்கும் பனிக்கட்டியை மட்டும் கொடு என்றேன். பரிமாறுகிற பெண், "அதுக்கும் அதே விலைதான் தாத்தா" என்றாள். தேவாலயத்தில் பிரசங்கத்தின் நடுவே சட்டைப்பையிலிருந்த ஒரு துண்டைக் கடித்தேன். போதகர் கூரை விரிசல் விடுகிறதென்று அண்ணாந்து பார்த்தார். கொட்டகைப் பரணுக்கு ஏறினால் நடு ஏணியில் மூச்சு வாங்கியது. வயதானால் வாங்கும். பாதங்களில் எறும்பு ஊர்ந்தது. பிறகு அந்த எறும்புகளும் போய்விட்டன. போனது நல்லதென்று இருந்துவிட்டேன்.

பால் கூடத்தில் மாடுகளை மேலே நிறுத்தி நாம் கீழே நின்று கறக்கும் பள்ளத்துக்கு இறங்க நாலு படி இருப்பது உனக்குத் தெரியும். அதில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கியவன் நான். அன்று கடைசிப் படி காலுக்குத் தட்டுப்படவில்லை. படி அங்கேதான் இருந்தது, கால்தான் செய்தி அனுப்பவில்லை. மடி கழுவும் மருந்து வாளியோடு குப்புற விழுந்தேன். மேலே நின்ற மாடு என் தலைக்கு நேரே தூக்கிய குளம்பைத் தூக்கியபடியே வைத்திருந்தது. நல்ல இடத்தில் வளர்ந்த மாடு. ட்ரூடி ஓடிவந்து தூக்கினாள். அவள் முகம் பால் நிறத்தில் இருந்தது.

"அப்பா, உன் காலு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுதா?"

"பூட்ஸுக்குள்ள இருக்கு."

"கிண்டல் பண்ணாத. தெரியுதா, தெரியலையா?"

குனிந்து பார்த்துவிட்டுத் தெரிகிறது என்றேன். பார்க்காமல் சொல் என்றாள். இதெல்லாம் ஒரு மகள் கேட்கும் கேள்வியா? அன்றுதான் வாசற்படித் தடை வந்தது. ரத்தம் சோதித்து டாக்டர் சரியென்று சொல்லும்வரை உள்ளே வரக் கூடாது என்றாள். மருத்துவமனைக்குப் போக மாட்டேன் என்றேன் நான். அவள் என் மகள் என்பதால் அவளும் இறங்கவில்லை, அவள் அப்பன் என்பதால் நானும் இறங்கவில்லை. பனிக்காலத்தின் பெரும்பகுதி அப்படியே போனது.

போன வாரம் ஒரு கிடாரி வேலிப் பலகையைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தது. மாட்டு டாக்டர் நோவாக் அம்மா வந்தாள். நான் வாசற்படியில் நின்று ஒரு பனி விழுதை மென்றபடி, பார்த்த மாத்திரத்தில் நோயைச் சொன்னேன்.

"இதுக்கு எதுக்கு டாக்டரம்மா இவ்வளவு யோசனை? மரத்தைத் தின்னுது, மண்ணைத் தின்னுதுன்னா உள்ள ஏதோ சத்து இல்லைன்னு அர்த்தம். தின்னக் கூடாததைத் தின்னுற மாடு நல்லா இருக்குற மாடில்ல. இது சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

"நீங்க சொல்றது சரி பெரியவரே" என்றாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வாயில என்ன?"

"ஐஸ்."

"எவ்வளவு நாளா?"

"பனி ஆரம்பிச்சதுலேர்ந்து டாக்டரம்மா" என்று உள்ளேயிருந்து ட்ரூடி கத்தினாள். இவளை யாரும் கேட்கவில்லை.

நோவாக் அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, கேட்காமல் கொள்ளாமல், ஆட்டுக்குப் பார்ப்பதுபோல என் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தாள். "உள்ள சிவப்பா இருக்கணும். சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்கு. நீங்க என் மாடா இருந்தா இன்னைக்கே ஊசி போட்டிருப்பேன்" என்றாள். அப்படியானால் போடேன், வண்டியில் பி12 இருக்கிறதே என்றேன். "போட்டா என் உரிமம் போயிடும். மனுச டாக்டர்கிட்ட போங்க."

நான் விடவில்லை. பெட்டி முறையை விளக்கினேன், குழித்தட்டை விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரி பெரியவரே, உங்க பெட்டில ஒரு அறையில மட்டும் வெல்லப்பாகை ஊத்திட்டீங்கன்னு வைங்க. மாடு எந்த அறைக்குப் போகும்?"

பாகு இருக்கும் அறைக்குத்தான் போகும். ஆனால் அது ஒரு வாதமாகாது, வெர்னா. பாகை ஊற்றியவன் மேல்தான் பிழை. ஆரஞ்சுச் சுவை சேர்த்தது நானா?

இருந்தாலும், சுண்ணாம்புச் சுவர் என்ற சொல்லை ட்ரூடி போய்ச் சொன்னதிலிருந்து ஆர்லீன் வாய் திறக்கவில்லை. அவள் பேசாமலிருக்க நான் மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அவள் தட்டில் ஒன்றும் எடுத்து வைத்துக்கொள்ளாததைப் பார்த்து, மறுநாள் காலையில் நானாகவே வண்டியில் ஏறினேன். இதை யாருக்கும் பணிந்து செய்யவில்லை. என் முறை சரியென்று ரத்தத்தை வைத்தே நிரூபிக்கத்தான் போனேன். குழாய் குழாயாக எடுத்துக்கொண்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் எல்லோரும் என்னிடம் மன்னிப்புக் கேட்பார்கள். அதற்கு முன்பே ட்ரூடிக்கு உன் கடிதம் வந்துவிட்டால் அவளுக்கும் கௌரவமாக இருக்கும். நீ ஒரு வேளைகூட மாத்திரை தவறவிட்டதில்லை என்பதைக் கடிதத்தில் குறிப்பிட வேண்டாம். தேவையில்லாத விவரம்.

மூத்தவன் என்ற முறையில் உனக்கும் உன் வீட்டுக்கும் என் ஆசிகள். கர்த்தர் உன் எலும்புகளைத் திடமாக வைத்திருப்பாராக. ஆர்லீன் அன்பைச் சொல்லச் சொன்னாள். இன்னும் சிலவற்றையும் சொல்லச் சொன்னாள், தாளில் இடமில்லை.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் அண்ணன்,
டெல்மர்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்முன் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். இரும்புச் சத்து தரைதட்டிவிட்டதாம். பி12 அதற்கும் கீழே இருக்கிறதாம். ரத்தக் குழாய் வழியாக இரும்பு ஏற்ற வேண்டும், பி12 ஊசியும் தொடர்ந்து போட வேண்டும். கால் உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். "நிறைய திரும்பும் சார். முன்னாடியே வந்திருந்தா எல்லாமே திரும்பியிருக்கும்" என்றார்கள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. குழித்தட்டை ஆர்லீனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ட்ரூடிக்கு நீ எழுத வேண்டாம். மாத்திரை நேரத்துக்கு உன் கைபேசியை எப்படிக் கூவ வைக்கிறாய் என்பதை எனக்கு எழுது.

முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்ததும் ட்ரூடி என்னை உள்ளே விட்டுவிட்டாள். ஆனால் பண்ணை விதிப்படிதான் என்றாள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும் மாட்டின் பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டுவோம், கொட்டகையில் யார் வந்தாலும் அதன்மேல் ஒரு கண் வைக்க வேண்டும் என்பதற்காக. அந்த விதியைப் போட்டவன் நான், ஆகவே மறுக்க இடமில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றி, கணுக்காலில் கட்டினாள். "இறுக்குதாப்பா?" என்று கேட்டாள். தெரியலம்மா என்றேன். அவள் நிமிரவே இல்லை. பட்டைக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தாள், அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள். மாட்டுக்கும் அப்படித்தான் பார்ப்போம்.